வசுமதியின் கார்டியன்

நாற்பத்தொரு வயதில் வசுமதி கல்லூரியில் சேர்ந்தாள். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் அவள் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் ஒரு வாரம் அதுதான் பேச்சு.

மதுராந்தகத்தில் பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள் அவள். கணவர் சம்பத், அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். மகள் ஹரிப்ரியா வேலை கிடைத்துப் புனேவுக்குப் போன பிறகு, பகல் பொழுது நகரவே மாட்டேன் என்றது. மகள்தான் போனில் சொன்னாள்: "எனக்கு நீ ஹிஸ்டரி சொல்லிக் குடுத்த மாதிரி எந்த மிஸ்ஸும் சொல்லிக் குடுக்கலம்மா. போய்ப் படியேன்."

செங்கல்பட்டில் ஒரு தனியார் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்தது. முதல் நாள் வாசலில் வாட்ச்மேன் அவளைப் பார்த்ததும், "பேரன்ட்ஸ்லாம் அந்த ஹாலுக்குப் போங்கம்மா" என்று கையைக் காட்டிவிட்டார். அவளும் போய் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளின் செல்போனை எப்படிக் கண்காணிப்பது என்று பிரின்சிபால் நெடுநேரம் பேசினார். டீயும் பிஸ்கட்டும் வந்தன. பக்கத்தில் இருந்த மதார் சாகிப், பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், பேச்சுக் கொடுத்தார்.

"உங்க பொண்ணு இன்னா குரூப்பும்மா?"

"பொண்ணு இல்லைங்க. நான்தான். பி.ஏ. ஹிஸ்டரி."

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவளை வகுப்பு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், வாசலில் நின்று தன் மகளைக் கூப்பிட்டார். "ருக்ஸார், இந்தம்மா உன் கிளாஸு. பாத்துக்க."

ருக்ஸார் அதை மனப்பூர்வமாக எடுத்துக்கொண்டாள். ஆன்ட்டி என்பது இரண்டே நாளில் அக்கா ஆயிற்று. நகர ஆரம்பித்த பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிப்பது, அடுத்தவர் டிபன் பாக்ஸில் கேட்காமலே கை வைப்பது, புரியாவிட்டால் பாடத்தின் நடுவிலேயே எழுந்து கேட்பது எல்லாம் வசுமதி அவளிடமிருந்து கற்றவை. முதல் செமினாரில் வசுமதிக்கு எழுதி வைத்த முதல் வரியே மறந்துபோனது. கடைசி பெஞ்சிலிருந்து ருக்ஸார் வாயசைத்தாள்: "என்னிய மட்டும் பாருக்கா." அந்த ஒரு முகத்தைப் பார்த்தபடியே வசுமதி முழுவதையும் பேசி முடித்தாள்.

இரண்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ருக்ஸார் கேட்டாள். "அக்கா, இன்னும் ரெண்டு பீரியடு போர் அடிக்கும். மகாபலிபுரம் போலாமா?"

"கிளாஸ் இருக்கேடி?"

"இருந்தாதானக்கா கட் அடிக்க முடியும்?"

வசுமதியின் வீட்டிலிருந்து கடல் நடக்கும் தூரம். ஆனாலும் இத்தனை வருஷத்தில் அவள் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. யாராவது ஒருவர் செருப்பையும் பர்ஸையும் பார்த்துக்கொள்ள வேண்டுமே, அது எப்போதும் அவள்தான். அன்றைக்கு ருக்ஸார் கையைப் பிடித்து இழுக்க, இடுப்பு வரை இறங்கினாள். முதல் அலையில் விழுந்தாள். இரண்டாவதிலும் விழுந்தாள். மூன்றாவதில் வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு சிரித்துக்கொண்டு நின்றாள். ருக்ஸார் அதைப் படம் பிடித்து வகுப்பின் வாட்ஸப் குரூப்பில் போட்டாள்.

ஈரப் புடவையோடு பைபாஸ் நிறுத்தத்தில் இருவரும் மாங்காய் தின்றுகொண்டிருந்தபோது எதிரே ஒரு ஸ்டாஃப் பஸ் நின்றது. சென்னையில் ஒரு டிரெய்னிங் முடிந்து சம்பத் அதில் திரும்பிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தவர் இறங்கி வந்தார்.

"கிளாஸ் இல்லையா வசு?"

"ஃபீல்ட் வொர்க் அங்கிள்!" என்றாள் ருக்ஸார் அவசரமாக.

"இல்லைங்க," என்றாள் வசுமதி. "கிளாஸ் இருந்துச்சு. கட் அடிச்சுட்டேன்."

சம்பத் அவளை மேலும் கீழும் பார்த்தார். புடவையிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது. "தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சா?" என்று கேட்டார். பிறகு அவள் கையிலிருந்து ஒரு மாங்காய்த் துண்டை எடுத்துக்கொண்டார்.

செமஸ்டர் முடியும்போது அட்டெண்டன்ஸ் குறைந்திருந்தது. துறைத் தலைவர் லக்ஷ்மிநாராயணனுக்கும் வசுமதியின் வயதுதான். ஆனால் அவரைப் பொறுத்தவரை விதி எல்லாருக்கும் ஒன்றுதான். "கார்டியனைக் கூட்டிட்டு வாங்க" என்றுவிட்டார்.

சம்பத் அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து அவர் மேஜை முன்னால் கைகட்டி நின்றார்.

"வீட்ல கொஞ்சம் கவனிக்கணும் சார்," என்றார் லக்ஷ்மிநாராயணன். "கிளாஸ் வாட்ஸப் குரூப்பில் கடலில் நிற்கிற போட்டோவை நானே பார்த்தேன். ஊர் சுத்தினா டிகிரி எப்படி வரும்?"

சம்பத்துக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டார். வசுமதி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"சார், கடலுக்குப் போனது ஒரே ஒரு நாள். அது என் தப்பு. மத்த நாளெல்லாம் வேற. இவரோட பெரியப்பா வீட்டு அறுபதாம் கல்யாணம், சித்தி மகன் கிரகப்பிரவேசம், மாமா மகள் நிச்சயதார்த்தம், அதுக்கு முந்தின நாள் பலகாரம் சுட, மறுநாள் பாத்திரம் ஒதுங்க வைக்க. காலேஜ்தானேன்னு எல்லாரும் கூப்பிட்டாங்க. நானும் காலேஜ்தானேன்னு போய்ட்டேன்."

சம்பத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு போயிருந்தது. "எங்க வீட்டு ஆளுங்கதான் சார்," என்றார் மெதுவாக. "இனிமே அப்படி ஆகாது." அபராதம் கட்டிப் பரீட்சை எழுத அனுமதி கிடைத்தது.

அதே வாரம் சம்பத்தின் தங்கை ரோகிணி போன் செய்தாள். மகளுக்கு வளைகாப்பு, அண்ணி காலையிலேயே வந்து நின்றால்தான் கை ஓடும் என்றாள். சம்பத் பக்கத்தில் வந்து, "நான் பேசட்டுமா?" என்று சைகை காட்டினார். வசுமதி தலையை ஆட்டி மறுத்தாள்.

"அன்னைக்குப் பரீட்சை இருக்கு ரோகிணி. முடிச்சுட்டு சாயங்காலம் வரேன்."

"காலேஜ் பரீட்சைதானே அண்ணி..."

"ஆமா. அதுக்குத்தான் வர முடியாதுங்கறேன். உங்க அண்ணன் வருவார்."

அண்ணன் போனார். கலந்த சாதத்துக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து கை எரிய உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வசுமதி போனபோது ரோகிணி முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு, "பரீட்சை எப்படி எழுதினீங்க அண்ணி?" என்று கேட்டு, தட்டில் புளி சாதத்தை அள்ளி வைத்தாள்.

பி.ஏ.வை வசுமதி முதல் வகுப்பில் முடித்தாள். இப்போது பி.எட். படிக்கிறாள். கற்பித்தல் பயிற்சிக்கு வேடந்தாங்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். போன வாரம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, பல்லவர்கள் காலையில் நாஸ்தாவுக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. வசுமதியும் சிரித்தாள். "எனக்குத் தெரியலம்மா. ஆனா நல்ல கேள்வி" என்று சொல்லி, கரும்பலகையின் ஓரத்தில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தாள். மணி அடித்தும் பாதிப் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. பழைய சோறா, கம்பங்கூழா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது.