ரஷ்யர்கள் தோற்றால் மனைவி வரமாட்டாள்

ஹோட்டல் குசினியில் வேலை செய்பவனுக்கு விருந்தாளியின் முகம் தெரியாது. திரும்பி வரும் தட்டைப் பார்த்துத்தான் அவன் எப்படிப்பட்ட ஆள் என்று ஊகிக்க வேண்டும். சுவிசில் முழங்கை வரை கொழுப்பில் ஊறிய சகோதரங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான் இருந்தது எங்கடின் பள்ளத்தாக்கில், சிவப்பு மலைரயில் நின்று போகும் ஒரு கிராமத்து ஹோட்டலில். மே, ஜூன் வந்தால் ஹோட்டலைப் பூட்டிவிடுவார்கள். எங்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த இரண்டு மாதந்தான் என் தலையிடி. ஆண்டு முழுவதும் வேலை இருப்பதாகக் கடிதம் காட்டினால்தான் மன்னாரில் இருக்கும் என் மனைவி ஜெசிந்தாவைக் கூப்பிட அனுமதி கிடைக்கும் என்று கன்டோன் குடிவரவு அலுவலகத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அங்கே சண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் அவளுடைய குரலுக்குப் பின்னால் செல் விழும் சத்தம் கேட்கும். நான் பயந்துபோய்த்தான் இருந்தேன்.

அந்த வருடம் ஐரோப்பியக் கிண்ணம் சுவிசில் நடந்தது. அதற்காக ரஷ்யாவின் மேல் பிரிவு உதைபந்தாட்டத்தைப் பாதியில் கொஞ்சக் காலம் நிறுத்திவைத்தார்கள். அந்த இடைவெளியில் பயிற்சி எடுக்க ஒரு கழகம் எங்கள் ஹோட்டலை முழுதாக எடுத்தது. மொஸ்கோவிலிருந்து ரயிலில் ஓர் இரவு தூரத்தில் இருக்கிற ஊராம். அட்டவணையில் கடைசிக்கு முந்திய இடம். முடிவில் கடைசி இரண்டு கழகங்களும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். அப்போது அதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை.

கறுத்த கஞ்சி

வரும்போதே தங்கள் தானியத்தையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மண்ணிறத்தில், மூன்று மூலையுள்ள மணி. மொழிபெயர்க்க வந்த ஒல்கா அதை "கிரேச்கா" என்றாள். காலையில் அது இல்லாவிட்டால் ஆட்டக்காரர்கள் ஓட மாட்டார்களாம். எங்கள் செஃப் போர்த்துக்கல்காரர். அவர் அதை மக்கரோனி போல அவித்து வடித்து அனுப்பினார். தட்டுகள் போன வேகத்திலேயே திரும்பி வந்தன. மறுநாள், "கஞ்சி குடிக்கிற சனம் நீங்கள்தானே" என்று அதை என் தலையில் கட்டிவிட்டார்.

எனக்கும் அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்ததைச் செய்தேன். வறுத்தேன், அளவாகத் தண்ணீர் விட்டுப் புழுங்கவைத்தேன், வெண்ணெயில் வெங்காயத்தைத் தாளித்துக் கொட்டினேன். கைப்பழக்கத்தில் செத்தல் மிளகாயையும் உடைத்துப் போட்டுவிட்டேன். சாப்பாடு உள்ளே போன பிறகுதான் அது உறைத்தது, எனக்கு மண்டையில், அவர்களுக்கு நாக்கில். சாப்பாட்டு அறையில் ஒருவர் இருமத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பயிற்றுநர் கிரிகோரி பாவ்லோவிச் முகம் சிவந்து குசினிக்குள் வந்தார். ஆள் குள்ளம், குரல் பெரிது. வேலை போச்சுது என்று நினைத்து நான் ஏப்ரனைக் கழற்றத் தொடங்கிவிட்டேன். அவர் சொன்னதை ஒல்கா ஜெர்மனில் சொன்னாள்: "நாளைக்கும் இதேதான் வேணும். மிளகாய் எனக்குக் கூட, பொடியளுக்குக் குறைய."

ஜூன் மாதத்துப் பனி

அந்த அணியில் ஒரு பிரேசில்காரனும் இருந்தான். முன்வரிசை ஆட்டக்காரன். ரஷ்யர்கள் அரைக்காற்சட்டையோடு சிரித்துக்கொண்டு ஓடுகிற குளிரில் இவன் கைகளைச் சட்டைக்குள் இழுத்துவிட்டு மரம் மாதிரி நிற்பான். ஒரு நாள் காலை எழும்பிப் பார்த்தால் மைதானம் வெள்ளை. எங்கடினில் ஜூனிலும் பனி கொட்டும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பயிற்சி முடிந்ததும் நேரே குசினிக்குள் ஓடிவந்து ரொட்டி சுடுகிற அடுப்புக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

வேலையாட்களுக்கென்று நான் வைத்திருந்த சோற்றையும் மீன்குழம்பையும் கண்டான். கேட்காமலே ஒரு கோப்பை போட்டுக்கொண்டான், பிறகு இன்னொன்று. செஃப் அவனோடு போர்த்துக்கேய மொழியில் கதைத்தார். குளிர் தாங்க முடியாவிட்டால் ரஷ்யாவுக்கு எதற்குப் போனாய் என்று கேட்டிருக்கிறார். அவன் வாயில் சோற்றோடு சொன்ன பதிலை செஃப் எனக்குச் சொல்லிச் சிரித்தார்: "கோடையில எல்லாம் சரியாகும் எண்டாங்கள். இதுதான் கோடையாம்."

பின்னுக்குப் போகாத பஸ்

பள்ளத்தாக்கின் கீழேயுள்ள ஓர் அணியோடு நட்புரீதியான ஆட்டம் ஒன்று ஒழுங்காகியிருந்தது. எல்லாரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். எங்கள் ஹோட்டல் முற்றம் சின்னது. உள்ளே வந்த வாகனம் பின்பக்கமாகத்தான் வெளியே போக வேண்டும். சாரதி பின்கியரைப் போட்டாரோ இல்லையோ, உள்ளே ஒரே கூச்சல். பயிற்றுநர் கதவைத் தட்டித் திறக்கவைத்து இறங்கிவிட்டார். ஆட்டத்துக்குப் புறப்பட்ட பஸ் பின்னுக்குப் போனால் அணியும் பின்னுக்குத்தான் போகுமாம். ஏற்கெனவே கடைசிக்கு முந்திய இடம். இன்னும் எங்கே பின்னுக்குப் போவது?

சாரதி சூரிச் பக்கத்து மனிதர். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு உடனே விளங்கியது. வெளிக்கிடும்போது "எங்க போறியள்" என்று ஒருவர் கேட்டுவிட்டால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற சனம் அல்லவா நாங்கள். எல்லாரையும் இறக்கி றோட்டுக்கு நடத்திக்கொண்டு போங்கள், வெறும் பஸ்ஸைப் பின்னால் எடுங்கள், பிறகு அங்கே ஏறட்டும், அப்போது பயணம் அங்கேதான் தொடங்குகிறது என்று ஒல்காவிடம் சொன்னேன். பயிற்றுநர் தலையாட்டினார். எல்லாரும் பைகளோடு வரிசையாக நடந்தார்கள். வெறும் பஸ் பின்னால் போயிற்று.

என்னைத் தாண்டிப் போகும்போது சாரதி கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னார்: "பஸ்ஸுக்கும் நாள் நட்சத்திரம் பாக்கிற ஆக்கள் இருக்கினம் எண்டு எங்கட கொம்பனியில ஒருத்தரும் சொல்லேல்லை."

பெட்டிக்கு மேல் இருந்தவர்கள்

அவர்கள் புறப்படுகிற காலை, வழிக்குக் கட்டிய சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு முன்மண்டபத்துக்கு வந்தேன். அத்தனை பேரும் தங்கள் பெட்டிகளின் மேல் குந்தியிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. தலைகள் குனிந்திருந்தன. ஊரில் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். அதைக் கண்ட கோல் காப்பாளர் மிஷா, கதவளவு உயரமான மனிதன், தானும் போட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். நீண்ட பயணத்துக்கு முதல் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கமாம். சாவீடெல்லாம் இல்லை.

பிறகுதான் விஷயம் வந்தது. கழக அதிகாரி ஹோட்டல் முதலாளியம்மாவிடம், அடுத்த வருடம் மேயில் எங்கள் இளைஞர் அணி வரும், ஜூன் இடைவெளியில் நாங்களும் வருகிறோம், ஆனால் மேல் பிரிவில் நின்றால் மட்டும் என்றார். கீழே இறங்கினால் சொந்த ஊர் மைதானந்தான். முதலாளியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் மனைவியின் கதை அவருக்குத் தெரியும். பொய்க் கடிதம் தருகிற ஆள் அவர் இல்லை.

"அந்தோனி," என்றார், "அவை வந்தால் நான் ஹோட்டலைப் பூட்டமாட்டன், உங்களுக்கு முழு வருஷ வேலை. வராட்டில் இல்லை. இனி நீங்களும் பந்தாட்டம் பாருங்கோ."

ஓஸ்டர்முண்டிகன் செய்தி

அன்றிலிருந்து வாரக் கடைசி வந்தால் எனக்கு நெஞ்சிடி. குசினியில் இன்டர்நெட் ஏது? ஓஸ்டர்முண்டிகனில் இருக்கிற எங்கள் ஊர் மரியநாயகம் அண்ணைக்குத்தான் போன் எடுப்பேன். ஆசுப்பத்திரியில் துப்புரவு வேலை, வீட்டில் கம்பியூட்டர். ரஷ்ய எழுத்து அவருக்குத் தெரியாது. கழகத்தின் சின்னத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு கீழேயிருந்து எண்ணிக்கொண்டு வருவார். "கீழயிருந்து மூண்டாவது, தம்பி. மூச்சு விடும்." அடுத்த கிழமை, "இரண்டாவது. மூச்சைப் பிடியும்."

செப்டெம்பரில் ஒரு நாள் அவரே எடுத்தார். மேசையில் மீனை வெட்டிக்கொண்டு நின்றேன். "தம்பி, உம்மட கஞ்சிக்காரனைக் கலைச்சுப்போட்டாங்கள்." தொடர்ந்து தோற்றதில் கிரிகோரி பாவ்லோவிச்சின் வேலை போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவருக்காகப் பாதி, எனக்காகப் பாதி. புதியவர் பயிற்சிக்குத் துருக்கிக்குப் போவோம் என்றால் என்ன செய்வது? ஒல்காவுக்குப் போன் எடுத்தேன். பயிற்றுநர் வருவார் போவார், மிஷாதான் அணித்தலைவன், எங்கே போவதென்று அவனைக் கேட்காமல் முடிவெடுக்க மாட்டார்கள் என்றாள். முதலில் தப்பட்டும், பிறகு பார்ப்போம் என்றும் சொன்னாள்.

மன்னாரிலிருந்து ஜெசிந்தா கதைத்தால் முந்தியெல்லாம் முதல் கேள்வி, சாப்பிட்டீங்களோ என்றுதான் இருக்கும். இப்போது, "உங்கட ஆக்கள் வெண்டவையோ?" மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து மெழுகுதிரி கொளுத்துகிறாளாம். மாதாவுக்கு ஊரில் இருக்கிற கவலை போதாதா, ரஷ்யப் பந்தாட்டம் வேறா என்று பகிடிக்குச் சொன்னேன். அவள் பகிடியாகச் சொல்லவில்லை: "கழகத்தின்ர பேரையும் நிறத்தையும் தெளிவாச் சொல்லித்தான் கொளுத்தினனான். பிழை வராது."

பந்தும் சிவப்புக் கோடும்

நவம்பர், கடைசி ஆட்டம். எங்களோடு மோதியதும் எங்களைப் போலவே தத்தளிக்கிற கழகம். தோற்றால் நாங்கள் கீழே. சமநிலை என்றாலே போதும், அவர்கள் கீழே. குளிர்கால விருந்தாளிகள் இன்னும் வரத் தொடங்கவில்லை. நான் அடுப்புக்கு மேலுள்ள புகை வடிகட்டிகளைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி சட்டைப் பைக்குள், சத்தத்தைக் கூட்டிவைத்து. மறுமுனையில் அண்ணை கம்பியூட்டர் முன்னால். முதலாளியம்மாவும் வந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் இருந்துவிட்டார்.

ஆளுக்கொரு கோல். முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான். திரையிலுள்ள மைதானப் படத்தில் பந்து எங்கள் கோலுக்கு முன்னால் புள்ளியில் வந்து நின்றதாம். அவர்களுக்குப் பெனால்டி என்றார் அண்ணை. என் கையிலிருந்த வடிகட்டி வழுக்கி விழுந்தது. "என்ன நடந்தது, அண்ணை?" "தெரியேல்லையடாப்பா. ஒரு சின்னப் பந்து வந்திருக்கு. அதுக்குக் குறுக்கால சிவப்புக் கோடு." "கோலோ, இல்லையோ?" "அதைத்தான் நானும் யோசிக்கிறன். சிவப்பெண்டால் ஆருக்குக் கூடாது? அவைக்கோ, எங்களுக்கோ?" என் வாழ்க்கை முழுதும் அந்தக் கோட்டில் தொங்கிக்கொண்டிருக்க, அண்ணை நிறத்துக்கு வியாக்கியானம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளியம்மா தமிழ் விளங்காமல் என் முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

"கணக்கு மாறேல்லை," என்றார் அண்ணை கடைசியாக. "ஒண்டுக்கு ஒண்டுதான் நிக்குது. முடிஞ்சுது, தம்பி. கீழயிருந்து மூண்டாவது." மிஷா பிடித்துவிட்டான் என்று நான் கத்தினேன். பிறகு நிலத்தில் அந்தக் கொழுப்புத் தண்ணீருக்குள்ளேயே இருந்து வாய்விட்டு அழுதேன்.

முதலாளியம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனாலும் அவர் முதலாளியம்மாதான். "அந்தக் கையால கண்ணைத் துடைக்காதேங்கோ, எரியும். இதைக் கழுவி முடிச்சிட்டு ஒஃபிசுக்கு வாங்கோ, அவையின்ர அறைகளைப் பதிவம்."

ஆருக்கு மெழுகுதிரி

மிஷா துருக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். பதிவு உறுதியானது. எனக்குக் கடிதம் கிடைத்தது. அலுவலகங்கள் தங்கள் பாட்டுக்கு இழுத்தடித்தன. அந்தப் பாட்டை நீங்களும் பட்டிருப்பீர்கள். அடுத்த ஜூனில் ஜெசிந்தா சூரிச்சில் வந்து இறங்கினாள். மெலிந்து கறுத்திருந்தாள். விமான நிலையத்தில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள், மலைரயிலிலும் விடவில்லை.

ரஷ்யர்கள் அப்போது எங்கள் ஹோட்டலில்தான் இருந்தார்கள். அவளை முதல் வேலையாக மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மிஷாவைக் காட்டினேன். அவள் அவனை அண்ணாந்து பார்த்துக் கைகூப்பினாள். அந்தப் பெனால்டியை எப்படிப் பிடித்தாய் என்று ஒல்கா மூலம் கேட்டேன். மிஷா தலையைச் சொறிந்தான். தான் பிடிக்கவேயில்லை என்றான். தான் இடப் பக்கம் விழுந்தானாம், அடித்தவன் வலப் பக்கம் ஒரு ஆளும் இல்லாத கோலுக்கு மேலால் வானத்துக்கு அடித்தானாம். அவன் சின்னப் பெடியன், விசில் ஊதிய பிறகும் அந்த இடத்திலேயே முழங்காலில் இருந்தானாம். அவனுடைய கழகந்தான் கீழே போனது.

நான் சொல்லச் சொல்ல ஜெசிந்தா கேட்டுக்கொண்டிருந்தாள். மிஷாவையும் பார்த்தாள், வெறும் கோல் கம்பத்தையும் பார்த்தாள். அத்தனை மாதமும் எத்தனை செல் சத்தத்துக்கு நடுவில் அவள் அந்த மெழுகுதிரியைக் கொளுத்தியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கேட்டது இதுதான்: "அப்ப அந்தப் பிள்ளைக்கு ஆர் கொளுத்தினது? வாங்கோ, இஞ்ச கோயில் எங்க இருக்கு? அவனுக்கு ஒண்டு கொளுத்திப்போட்டு வீட்டை போவம்."

பெயர் தெரியாத ஒரு ரஷ்யப் பெடியன் பந்தை வானத்துக்கு அடித்ததால்தான், சகோதரங்களே, இன்றைக்கு நான் சொந்த வீட்டுக் குசினியில் நின்று குழம்புக்கு உப்புக் காணாது என்று ஏச்சு வாங்குகிறேன்.