மாலை போட்ட சர்வர்

ஆயுத பூஜைக்கு மருமகள் வீட்டு இணையப் பெட்டிக்குப் பொட்டு வைத்து, மேலே ஒரு கொத்துச் சாமந்தியையும் வைத்தாள். என் கை தானாக நீண்டு பூவை எடுத்துவிட்டது. "சாமிக்கு வச்சது மாமா" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். கணினிப் பிரிவைக் கவனித்துக்கொண்ட அம்மாளை எல்லோரும் சிஸ்டம் மேடம் என்போம். அவர் அறையில் ஒரு சர்வர். ஒருவர் பார்த்த இணையப் பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்டால் சட்டென்று கொடுப்பது அதன் வேலை. அதன் மென்பொருளில் ஓட்டை விழுந்து, யாருடையதை யாருக்குக் கொடுப்பது என்ற விவஸ்தையே போயிருந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் எப்போதோ வந்துவிட்டது. அதை நிறுவ ஒரு குழுவின் ஒப்புதல் வேண்டும். குழு கூடத் தலைவர் ஊரில் இருக்க வேண்டும்.

அலுவலகப் பூஜை முடிந்தபின் எந்த இயந்திரத்தையும் தொடக்கூடாது என்பது அங்கே எழுதாத விதி. எழுதாத விதியை நான் மதித்ததில்லை. அந்த ஆண்டு பூஜை முடிந்து எல்லோரும் பொரி கொறித்துக்கொண்டிருக்க, என் கணினியில் ஆலை மருத்துவமனையின் இணையப் பக்கத்துக்குப் போய் என் பரிசோதனை முடிவைத் திறந்தேன். வந்தது சிஸ்டம் மேடத்தின் முடிவு. மார்பகப் புற்றுநோய் உறுதி என்றிருந்தது. பெயரை மறுபடி படித்தேன். வெளியே அவர் சிரித்தபடி சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அழைத்துக் காட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"காலைலதான் தொறந்து பாத்தேன். ஊட்டுக்காரருக்கே இன்னும் சொல்லல சார். லீவு முடிஞ்சு வந்தா எல்லாரும் ரிசல்ட் பாப்பாங்களே."

"உங்களுதை மட்டும் அழிச்சிடுங்களேன்."

"அழிக்கலாம். அப்புறம் வேற யாருதாவது வந்து நிக்கும்."

தீ அபாயம் என்றால் ஒப்புதலின்றி இயந்திரத்தை நிறுத்தலாம் என்று ஒரு விதி உண்டு. நிறுத்திய இயந்திரத்தை என்ன செய்யக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. மேடத்திடம் சொன்னேன். அவர் சர்வரின் விசிறியை ஒட்டித் தொங்கிய மாலையைப் பார்த்தார்.

சர்வரை நிறுத்தித் திருத்தத்தை ஏற்றும் பாதி வேலையில் சங்கச் செயலாளர் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், பொட்டு வச்ச மிஷின நோண்டிகினு கீறீங்க? அதுக்கும் லீவு உடுங்க."

"நீங்க போட்ட மாலைதான் அண்ணே. ஃபேன்ல மாட்டிகிச்சு. பத்திகினு எரிஞ்சிருக்கும்."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். திருத்தம் ஏறியது. பழைய நகல்கள் அனைத்தையும் மேடம் அழித்தார். பிறகு நடந்த விசாரணையிலும் அதே மாலைதான் காரணம்; நேரில் பார்த்த சாட்சி நான். திருத்தம் தேவையா என்று குழு இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கக்கூடும்.

இப்போது வீட்டுத் தொலைபேசி அடித்தது. சிஸ்டம் மேடம்தான். அறுவை சிகிச்சை எல்லாம் தாண்டி நெமிலிச்சேரியில் இருக்கிறார். ஆண்டு தவறாத அழைப்பு.

"சார், பூவ எடுத்துட்டீங்களா?"

அந்தக் குரலைக் கேட்டதும் திரையில் பார்த்த வரி கண்முன் வந்தது.

"எடுத்துட்டேன் மேடம்" என்றேன். சாமந்தி இன்னும் கையில்தான் இருந்தது.