எல்லையில் மூன்று வாரம்

போர் நடக்கும் நாட்டுக்குக் கிளம்பும்போது எங்கள் கம்பெனி ஒரு பை கொடுக்கும். தலைக்கவசம், ரத்த வகை எழுதிய அட்டை, கட்டுத்துணி, விசில். விசில் எதற்கு என்று கேட்டேன். இடிபாடுகளுக்குள் மாட்டிக்கொண்டால் ஊத என்றார்கள். சிங்கப்பூரில், எங்கள் பொங்கோல் வீட்டில் அம்மா அதே பைக்குள் பருப்புப் பொடியும் சுக்கும் வைத்தார்.

"குண்டு போடுற ஊர்ல தண்ணி மாத்திக் குடிச்சா ஒடம்புக்கு ஆகாதும்மா," என்றார்.

ஆஸ்பத்திரிகளில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பொருத்துவதுதான் என் வேலை. அம்மா பயந்த அந்தத் தண்ணீரைத்தான் நான் சுத்தம் செய்து கொடுக்கப்போகிறேன்.

அந்த நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே எனக்கு மொழிபெயர்த்தவளின் உறவினர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவளுக்கு என் வயதுதான். கணவனும் சின்ன மகளும் முன்பே எல்லைக்கு அப்பால் போய்விட்டார்கள். சம்பளம் வரும்வரை வரட்டும் என்று அவள் மட்டும் பின்தங்கினாள்.

முதல் நாள் மதியம் ஆஸ்பத்திரி உணவுக்கூடத்தில் நல்ல இடமாகப் பார்த்து, மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். சிங்கப்பூரில் தேக்கா உணவுக்கடைகளில் எல்லாரும் செய்வதுதான். பாக்கெட் இருந்தால் அந்த மேசைக்கு ஆள் வந்தாயிற்று. ஆனால் அந்த ஊரில், ஆள் இல்லாமல் ஒரு பொருள் கிடந்தால் மற்ற எல்லாரும் ஓட வேண்டும். ஓடினார்கள். அவள் என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். ஒரு காவலர் மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து நீளக் கம்பால் என் டிஷ்யூவைக் குத்திப் பார்த்தார்.

விஷயம் தெரிந்ததும் அவள் கேட்டாள்: "உங்க ஊர்ல ஒரு மேசைக்காக இவ்வளவு தூரம் போவீங்களா?"

"மத்தியானம்னா போவோம்."

படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்றிலிருந்து நாங்கள் தோழிகள்.

சோதனைச் சாவடிகளில் என்னை அவள் விதவிதமாக அறிமுகப்படுத்துவாள். ஒருநாள் டாக்டர், ஒருநாள் இந்திய சினிமா நடிகை. ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆடிக் காட்டு என்றான். எனக்கு ஆட வராது. வால்வு திருகுவதுபோல் இரண்டு கையையும் சுழற்றினேன். பக்தியோடு பார்த்துவிட்டு வண்டியை விட்டான்.

பிறகு சண்டை ஆஸ்பத்திரிப் பக்கம் நெருங்கியது. என்னை விமானத்தில் ஏற்றினார்கள். அவளுடைய பாஸ்போர்ட்டுக்கு அந்த விமானத்தில் இடமில்லை. அவள் பேருந்தில் எல்லைக்குப் போனாள். அங்கே வாசலை மூடிவிட்டார்கள்.

சிங்கப்பூரில் எனக்கு எல்லாம் நேரத்துக்கு நடந்தது. ரயில் வந்தது, லிஃப்ட் வந்தது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. அவளுடைய செய்திதான் நினைத்தபோது வந்தது. "இன்றும் திறக்கவில்லை. எனக்கு முன்னால் இருப்பவர் ஒரு கோழி கொண்டுவந்திருக்கிறார். கோழிக்கு எல்லாப் பத்திரமும் சரியாம். எனக்குத்தான் ஒன்று குறைகிறதாம்." சிராங்கூன் ரோட்டில் பூக்கடை முன்னால் நின்று படித்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பதற்குப் பக்கத்தில் அவள் இல்லை. கண்ணாடி இறக்கிவிட்ட அந்த வேன், ஏலக்காய் போட்ட காப்பி, தூரத்தில் வெடித்தால் "அது நமக்கில்லை" என்று அவள் சொல்லும் விதம், எல்லாம் வேண்டும்போல் இருந்தது. இதை அம்மாவிடம் சொன்னால் கோயிலில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்.

போன சனிக்கிழமை மாமா மலேசியப் பக்கம் ஜொகூருக்குச் சாமான் வாங்கக் கூப்பிட்டார். உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் கார் வரிசை நகரவே இல்லை.

"ரெண்டு மணி நேரம் லா! இதெல்லாம் மனுசன் தாங்குவானா?" மாமா ஸ்டியரிங்கை அடித்தார்.

அப்போது போன் அதிர்ந்தது. படம் வந்திருந்தது. ஏதோ ஒரு பேருந்து நிலையம். அவள் மண்டியிட்டிருந்தாள். மகள் அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவளை அந்நிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "இவளிடமும் அனுமதி வாங்க வேண்டும்போல."

"என்னம்மா, அழுறியா?"

"ஃப்ரெண்டு மாமா. பார்டர் தாண்டிட்டா."

"அட, எந்தப் பக்கம்? துவாஸ் பாலம் வழியா போனாளா? எவ்வளவு நேரமாச்சாம்?"

"மூணு வாரம்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நல்ல செய்திதான். ஆனால் இனி நான் அந்த ஊருக்குப் போனாலும் அவள் அங்கே இருக்க மாட்டாள். அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்த கார் கொஞ்சம் நகர்ந்தது. மாமா நகர்த்தவில்லை. "நீ மொதல்ல எழுதி முடி," என்றார்.