சூடம் அணைத்தால்தான் உதவித்தொகை

கீர்த்தனா, பிரவீன், அப்பா எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் கை இது, தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கீர்த்தனாவுக்குத் தெரிந்த கதைதான். தம்பி அப்போது மருத்துவக் கல்லூரி விடுதியில் இருந்தான், அவனுக்கு முழுதும் தெரியாது. என்னைப் போல அயல்நாட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு கிடக்கும் மற்ற அப்பன்களும் இதைப் படித்தால் நல்லது.

இங்கே தான்சானியாவில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளையின் பேரோடு சேர்த்து 'பாபா கீர்த்தனா' என்பார்கள். கீர்த்தனாவின் அப்பன் என்று அர்த்தம். போன வாரம் எங்கள் லாரி டிரைவர் ஜூமா, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறை சுவாஹிலியில், பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மூன்று வருசம் இருக்க வேண்டும், பணம் நான்தான் கட்டுகிறேன் என்றேன். அவன் முகம் வாடிப்போனது. "போலே சானா, பாபா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். துக்கத்துக்குச் சொல்கிற வார்த்தை அது. கீர்த்தனாவுக்கு ஏதோ தீராத நோய் என்று நினைத்துவிட்டான். இல்லையப்பா, அவள் டாக்டர், குழந்தை வைத்தியத்துக்கு மேல்படிப்பு படிக்கிறாள் என்று புரியவைத்தேன். அவனுக்கு இன்னும் குழப்பம். அவன் அண்ணன் மகனும் டாக்டர்தானாம், வேலை பார்த்த மாவட்ட ஆஸ்பத்திரியே சம்பளத்தோடு மேல்படிப்புக்கு அனுப்பியதாம். "ராத்திரியெல்லாம் நோயாளியைப் பார்க்கிறவள் அவள். பணம் ஏன் நீ கட்டுகிறாய்?" என்று கேட்டான்.

கீர்த்தனாவுக்குக் கிடைத்தது தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம். அரசு ஒதுக்கீடு என்றால் இலவசம் என்று நம் ஊரில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். இல்லை. சேருவதற்கு ஒரு வாரம்தான் கெடு, விட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். லீவு கேட்டு ஓடி வந்தேன். முதலில் நம் ஊர் வங்கிக்குப் போனோம். மேனேஜர் தாளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"பொட்டப் புள்ளைங்க. படிப்பு முடியறதுக்குள்ள கண்ணாலம் ஆயிரும். அப்பறம் கடனை யாருங்க கட்டறது?"

"அவதானுங்க கட்டுவா. டாக்டருங்களே."

"அதெல்லாம் சரிங்க. மாப்பிள்ளை ஊட்டுல ஒத்துக்கோணுமில்ல?"

இல்லாத மாப்பிள்ளையின் சம்மதம் கேட்டார் அந்த மனுசன். இதே வங்கியில்தான் என் முதலாளி ரிக் வண்டிக்குக் கடன் வாங்கினார். நானும் கூடப் போயிருந்தேன், டீ வரவழைத்துக் கொடுத்தார்கள். பூமிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று எவனுக்கும் தெரியாது, அதை நம்பிக் கடன் கொடுக்கிறார்கள். என் மகள் படிப்பாள் என்று ஊருக்கே தெரியும், அவளை நம்பிக் கொடுக்க மாட்டார்களாம்.

பிறகுதான் நம் சாதிச் சங்கத்தின் கல்வி அறக்கட்டளை. நான் வருசா வருசம் சந்தா கட்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மேடையில் தட்டில் சூடம் எரிந்தது. பையன்கள் ஒவ்வொருவராக வந்து, நன்றாகப் படிப்பேன் என்று மைக்கில் சொல்லிக் காசோலை வாங்கிப் போனார்கள். பெண் பிள்ளைகள் மட்டும், நம் சாதியில்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று கையால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். கீர்த்தனா மைக்கைப் பிடித்தாள்.

"பசங்க சொன்னதையே நானும் சொல்றேனுங்க. நல்லாப் படிப்பேன்."

சங்கத் தலைவர் சிரித்தார். "அது பசங்களுக்கு, சாமி. உனக்கு இது."

"ரெண்டு பேரும் ஒரே பரீட்சைதானுங்களே எழுதறோம்."

"டாக்டரம்மாளுக்கு ஊசியைவிட வாய் கூர்மையா இருக்குது" என்றார். மண்டபமே சிரித்தது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க ஆப்பிரிக்காக்காரரே, டாலர்ல சம்பளம் வாங்கறவரு நீங்க. உங்குளுக்கு உதவித்தொகை குடுக்கறதே பெருசு. புள்ளைகிட்ட எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் அங்கே தகரப் பெட்டி அறையில் நாலு பேரோடு படுக்கிறேன். புழுதியில் இருமி இருமி நெஞ்சு வலிக்கிறது. இதையெல்லாம் அந்த மேடையில் சொல்லத் தோன்றவில்லை. எழுந்து நின்று, "எறங்கி வா சாமி, போலாம்" என்று மட்டும் சொன்னேன்.

விழாவுக்கு எங்களோடு வந்திருந்த உங்கம்மா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நாமக்கல் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாள். "அப்பனும் புள்ளையும் நல்லாத்தான் பண்ணிப்போட்டீங்க. இனி நம்மூட்டு எழவுக்கு எவன் வருவான்?" கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் காலையில் அவளே பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். வீடு அவள் பேரில்தான் இருக்கிறது. சேலத்தில் வேறொரு வங்கியில் அதை அடமானம் வைத்துத்தான் கெடுவுக்குள் கீர்த்தனா சேர்ந்தாள். நான் இங்கே துளை போட்டுச் சம்பாதித்துக் கட்டிய வீடு. அதில் நான் தூங்கிய நாட்களைவிட இந்தத் தகரப் பெட்டியில் தூங்கிய நாட்கள்தான் அதிகம்.

பிரவீன், உன் முறையும் வரும். எம்.பி.பி.எஸ். முடித்ததும் அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சில வருசம் வேலை பார்த்துவிட்டுப் போனால் சம்பளத்தோடு மேல்படிப்பு படிக்க வழி இருக்கிறது என்கிறார்கள், இப்போதே விசாரி. கல்லூரி மாதாமாதம் ஸ்டைபண்ட் பணம் தருமா, தந்துவிட்டு வேறு கட்டணம் என்ற பேரில் திரும்ப வாங்கிக்கொள்ளுமா என்று அங்கே படிக்கிற சீனியர்களைக் கேள். பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே கடனுக்கு வங்கிக்குப் போ. நீ பையன், சூடத் தட்டை உன் முன்னால் நீட்ட மாட்டார்கள். அதனாலேயே அந்தக் காசை நீ தொடக் கூடாது.

நான் இங்கே திரும்பி வந்த பிறகு, சங்கத்தின் வாட்ஸப் குழுவில் விழாப் படங்கள் வந்தன. அதன் கீழே ஒருவர், 'டாக்டரம்மாளைக் காணோமே' என்று எழுதியிருந்தார். பலர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் என் பங்காளிகள். ஊரில் யாருக்குக் கல்யாணம், யார் இறந்தார், கோயில் நோன்பு என்றைக்கு என்பதெல்லாம் எனக்கு அந்தக் குழுவில்தான் வரும்.

அன்று மத்தியானம் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ஜூமாவும் மற்றவர்களும் உகாலிக் களி சாப்பிடப் போனார்கள். நான் தண்ணீர் லாரியின் நிழலில் தனியாக உட்கார்ந்து ஒரு பதில் எழுதினேன். நீளமாக எழுதி, பிறகு அழித்துவிட்டேன். குழுவை விட்டு வெளியேறு என்பதை அமுக்கினேன். நிச்சயமா என்று போன் கேட்டது. மறுபடியும் அமுக்கினேன். இனி ஊரில் யாராவது செத்தால், உங்கம்மாவுக்கு யாராவது சொன்னால், அவள் எனக்குச் சொல்வாள்.