முகம் உரிந்த மாத்திரைகள்

அந்த இருமல் மாத்திரையைக் கடையில் கண்டாலே எனக்குக் குமட்டும். அது எப்படி உருவாகிறது என்று அறிந்தவள் நான்.

மலை மேலே, கந்தப்பளைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அந்த மூலிகை மாத்திரையை அடித்தார்கள். மூலிகை மாவை மாத்திரையாக அழுத்தும் இரும்பு அச்சுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த அக்கா இயந்திரத்தில் மாவு கொட்டுவாள். மாவு காய்ந்ததா என்று சொல்ல வேண்டியவர், அங்கே முன்பு டீமேக்கராக இருந்தவர். வாடிய கொழுந்தைப் பிடித்து அமுக்கிப் பதம் சொல்லியே தலை நரைத்த ஆள். மாவையும் அப்படித்தான் வெறுங்கையால் அள்ளி அமுக்குவார். பிடித்த பிடி உதிராமல் நின்றால் அவருக்குத் திருப்தி. பிறகு விரலை நக்கி ருசி பார்ப்பார். வெற்றிலைக் கறை படிந்த அதே விரல் மறுபடியும் மாவுக்குள் போகும். சீ!

கொழுந்துக்கு அந்தப் பதம் சரி. காய்ந்திருக்க வேண்டிய மாவு பிடித்தபடி நின்றால், உள்ளே ஈரம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மழைக்காலத்தில் அது அச்சில் களி மாதிரி அப்பிக்கொள்ளும். மாத்திரைகள் முகம் உரிந்து, சொறி பிடித்தவை போல விழும். பித்தளைத் தகட்டால் சுரண்டிச் சுரண்டி என் விரல் மரத்துப்போகும்.

ஒரு வாரம் முழுக்க இப்படியே விழுந்ததும் முதலாளி வந்து காரணம் கேட்டார். டீமேக்கர் கொஞ்சமும் கூசாமல் அக்காவைக் காட்டினார்.

“இவ கை வேர்வைங்க ஐயா. அதுதான் மாவுல பட்டு ஒட்டுது.”

கந்தப்பளைக் குளிரில் யாருக்கு வேர்க்கும்? அவள் கையுறை வேறு போட்டிருந்தாள். முதலாளி என் பக்கம் திரும்பினார். அச்சுக்குப் பக்கத்தில் நிற்பவள் சொன்னால் எடுபடும். மாவு காயவில்லை என்று சொன்னால் போதும், அவள் வேலை தப்பும். ஆனால் எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவரே டீமேக்கர்தான்.

“இருக்கும்ங்க” என்றேன்.

அப்போதே அவளை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அக்கா கையுறைகளைக் கழற்றிவிட்டு நேரே என்னிடம் வந்தாள். என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அவள் கை காய்ந்து, சில்லிட்டுக் கிடந்தது.

“நல்லா தொட்டுப் பாத்துச் சொல்லு புள்ள. வேர்க்குதா?”

என் கைதான் வேர்த்து நனைந்திருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். நான் கையை உருவிக்கொண்டேன். அச்சு சுரண்டணும்க்கா என்று சொல்லிவிட்டு, தகட்டை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றேன்.