நிறைந்த பெட்டி

நேற்று மாலை நாலே முக்காலுக்கு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தபோது, லாயிட் டாலஃப்சன் கராஜில் தன் சவப்பெட்டிக்குள் டாய்லெட் பேப்பர் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எடுத்துப் பேசியது நான். அவர் மனைவி பெர்னடீன் என் அக்கா. மூச்சுத் திணறலுக்காகச் சேர்த்திருந்தோம். இரண்டொரு நாளில் அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த இடத்தில்தான் இந்த அடுக்கல். அவள் போய்விட்டாள் என்று நான் சொன்னதும், கையிலிருந்த பாக்கெட்டை மீதியிருந்த இடைவெளியில் செருகி, மூடி சரியாகப் படிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

எங்கள் மினசோட்டா ஊரில் முப்பது குளிர்காலம் பனி வாரும் வண்டி ஓட்டியவர். புயலுக்கு அஞ்சாதவருக்குச் சாவென்ற பேச்சே ஆகாது. காலைக் காப்பியோடு பத்திரிகையின் மரண அறிவிப்புகளைப் படிப்பார். குளியல் தொட்டியில் வழுக்கி விழுந்து யாராவது போயிருந்தால், மதியத்துக்குள் வழுக்காத விரிப்பு வாங்கி வந்துவிடுவார். மாரடைப்பில் போன ஒருவரை முன்னிட்டு, நின்ற இடத்திலேயே ஓடுகிற இயந்திரம் வந்தது. அதன்மேல் இப்போது கோட்டுகள் தொங்குகின்றன. புகை வந்தால் அலறும் கருவி செருப்பு அலமாரிக்குள்கூட உண்டு.

சவப்பெட்டி வாங்கியது தள்ளுபடிக்காக. மொத்தவிலைக் கடையில் டயர்களுக்குப் பக்கத்தில் பாதி விலைக்கு இருந்தது. பாதி விலைப் பொருளை விட்டுவிட்டு வர அவரால் முடியாது. பணம் வாங்கும் பெண், எல்லாரிடமும் கேட்பதுபோல, தேடி வந்ததெல்லாம் கிடைத்ததா என்று கேட்டாளாம்.

"இதுக்கு மேல தேட என்னம்மா இருக்கு?" என்றாராம் லாயிட்.

வீட்டில் இறக்கிய பிறகுதான் பயம் பிடித்தது. கராஜில் பெட்டி காலியாகக் கிடக்க, படுக்கையில் இவர் புரண்டுகொண்டிருந்தார். ஒரு நாள் டாய்லெட் பேப்பர் வாங்கிவந்து அதை விளிம்புவரை நிரப்பினார். அன்றைக்குத்தான் குறட்டை வந்தது என்றாள் அக்கா. "நெறஞ்ச பெட்டியில ஆள வைக்க முடியாது பாரு," என்று எனக்கு விளக்கினார். அதற்குப் பிறகு அவள் ஒரு பாக்கெட் எடுத்தால், சாயங்காலத்துக்குள் இன்னொன்று வந்துவிடும்.

"பேப்பர் தீந்துடக் கூடாதுன்னு உயிரப் புடிச்சு வச்சிருக்கிற ஆளு, உலகத்துல நீ ஒருத்தன்தான் லாயிட்," என்பாள். பெட்டியின் நீல உள்துணி அவளுக்குப் பிடித்திருந்தது. தான் முந்திக்கொண்டால் புதிதாக எதையும் வாங்கித் தொலைக்க வேண்டாம், இதுவே போதும் என்று எங்கள் இருவரிடமும் சொல்லிவைத்திருந்தாள். அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

இன்று காலை அவரே பெட்டியைக் காலி செய்யத் தொடங்கினார். என்னைத் தொடவிடவில்லை. எடுத்ததை வைக்கக் கராஜில் இடமில்லை. துக்கம் விசாரிக்க அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்குப் பாத்திரங்களோடு வந்த சர்ச் பெண்கள், ஆளுக்கொரு பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பனியில் திரும்பிப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி நன்றிகூடச் சொன்னாள்.

கடைசி பாக்கெட்டையும் எடுத்துக் கீழே வைத்தார். பிறகு ஷூவைக் கழற்றினார். ஷூக்காலோடு எதன்மேலும் ஏறினால் அக்காவுக்குப் பிடிக்காது. விளிம்பைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்கி மல்லாந்து படுத்தார். நான் பதறிப்போய்க் கிட்டே ஓடினேன். அவர் மெல்ல இடப்பக்கம் ஒருக்களித்துப் பார்த்தார்.

"இடுப்புக்கிட்ட பலகை இடிக்குது. அவளுக்கு இந்தப் பக்கம் இடுப்பு வலியாச்சே," என்றார். "அந்த பாக்கெட்ட இங்க குடு, வெர்லா."

உள்துணியின் தையலைப் பிரித்து, பேப்பரைச் சுருள் சுருளாக அவிழ்த்து மடித்து உள்ளே அடைத்தார். மறுபடி படுத்துப் பார்த்தார். இன்னும் ஒரு சுருள் கேட்டு வாங்கினார். அப்புறம் அக்காவின் ஊசிப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தார்.

பெட்டியை ஏற்றிப்போகும் வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. நீலத் துணியில் இன்னும் ஒரு சாண் தைக்கவில்லை.