நூலின் மேல் போட்ட பழி

தொண்ணூறுகளின் கடைசியில் என் மனைவியின் தறியில் இழை அறுந்துகொண்டே இருந்தது. பட்டில் இழை அறுவது புதிதல்ல. அறுந்த இரண்டு நுனிகளையும் விரலால் முறுக்கிப் பிணைத்துவிட்டு மேலே நெய்வார்கள். அவளுக்கு அதைக் கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம். ஆனால் அவள் பிணைத்தது மறுபடி விட்டுக்கொண்டது. ஒரு நாள் காலையில் உட்கார்ந்து எண்ணினேன். பதினாலு பிணைப்பில் ஒன்பது நிற்கவில்லை.

தறிக்குப் பாவு நூல் கொடுத்து நெய்யவைக்கும் முதலாளி வந்து பார்த்து, சாயக்காரன் நூலை வேகவைத்துக் கெடுத்துவிட்டான் என்றார். வேறு பாவு கொடுத்தார். அதுவும் அப்படியே. பிறகு மழை ஈரம் என்றார். தெருவில் யாரைக் கேட்டாலும் நூலைத்தான் திட்டினார்கள். விரலைச் சந்தேகிக்க ஒரு ஆள் இல்லை. கழுத்து வலிக்கிறது என்று அவள் சொன்னால், தறியில் குனிகிறவர்களுக்கு வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தந்தார்கள். மாதக்கணக்கில் இப்படியே போயிற்று.

நடக்கையில் கால் பின்ன ஆரம்பித்த பிறகே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவளை என் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். அவளால் முடியவில்லை. கழுத்தில் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவிலிருந்த ஜவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது.

"ஆபரேஷன் பண்ணா இதுக்கு மேல கெடாம நிறுத்தலாங்க. போன பலம் எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. முன்னாடியே வந்திருக்கணும்" என்றார் டாக்டர்.

தொண்டைப் பக்கமாகத் திறந்து, ஜவ்வை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பில் ஒரு துண்டை வெட்டி அந்த இடத்தில் வைத்தார்கள். கொஞ்ச நாள் குரல் கம்மியிருந்தது. வலி போயிற்று. கால் உறுதியாக நின்றது. விரல் நுனிகள் மட்டும் திரும்பவில்லை. இழை பிணைக்க அவளால் முடியவில்லை.

முதலாளி ஊரெல்லாம் என்ன சொன்னார் தெரியுமா? கழுத்தில் கத்தி வைத்ததால் கை போய்விட்டதாம். சாயக்காரனையும் மழையையும் சொன்ன அதே வாய். அதையும் நம்பினார்கள்.

அடுத்த வருஷம் அந்த முதலாளிக்கே நெய்யும் முள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் கழுத்துப் பட்டையோடு வீட்டுக்கு வந்தார். அவருக்கும் விரல் மரத்துப்போய்விட்டது. ஆபரேஷன் செய்யச் சொல்லிவிட்டார்களாம். பேசியதெல்லாம் என்னிடம். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா கையப் பாத்துட்டுதான் பயமா இருக்குதுங்க" என்றார்.

"என் கைய ஆபரேஷன் கெடுக்கலப்பா" என்றாள் அவள். "வூட்லயே வலியப் பொறுத்துகினு கெடந்தேன். அதுல போச்சு. நீ ஜல்தியா போ."

அவர் எழுந்து பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எதுக்கும் முதலாளிய ஒரு வார்த்த கேட்டுகினு சொல்றேங்க."

அவரோடு பேசிப் பயனில்லை. அவரைச் சீக்கிரம் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும்படி அவர் மனைவியிடம் சொல்லலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் புறப்பட்டேன்.